அப்பா கரை சேர்த்த நீர்மூழ்கி

என் கணவர் ஒரு மாபெரும் நீர்மூழ்கியின் முதுகில் சல்யூட் அடித்தபடி நிற்கும் படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது, குக்கரில் இரண்டாவது விசில் வந்துகொண்டிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்து மறுபடி பார்த்தேன். அவரேதான். எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். தோளுக்குப் பின்னால் ஒரு புலி வேறு பாய்ந்துகொண்டிருந்தது.

படத்தின் கீழ்ப் பாதியில் எங்கள் மகள். அவளுக்குப் பக்கத்தில் தாய்மாமன் என்ற பட்டத்தோடு என் தம்பி முரளி, துபாய்க் கட்டடங்கள் பின்னணியில். நடுவே கொட்டை எழுத்தில் காதணி விழா. குத்தாலம் கடைவீதியில், பேருந்து திரும்புகிற இடத்தில், வெயிலில் பளபளவென்று நின்றது அந்த ஃப்ளெக்ஸ். வைத்தவர் என் அப்பா கோவிந்தராசு.

புலியைக் கடந்து கீழே வந்தால் வாசகம். ‘ஆழ்கடலில் தேசம் காத்து, விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கரை சேர்ந்து, நேராகப் பந்தலுக்கு வருகை தரும் எங்கள் குலமாப்பிள்ளை, நீர்மூழ்கிச் சிங்கம் திரு. இளங்கோவன் அவர்களே, வருக வருக!’ பக்கத்திலேயே கப்பலின் பெயர், சிவப்பு எழுத்தில்.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அன்று பருப்பு அரைவேக்காடுதான்.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் படித்த சிலர், "கடற்படைக் குடும்பம் என்றால் இவ்வளவுதானா, வீரதீரம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருந்தார்கள். இந்த வாரமும் இல்லை. ஒரு ஃப்ளெக்ஸ்தான் இருக்கிறது. அந்த நீர்மூழ்கியைப் படையிலிருந்து கழித்துவிட்டார்கள் என்பதால் துணிந்து எழுதுகிறேன். ஆனாலும் அதன் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதக் கை வரவில்லை. பழக்க தோஷம். கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புலியை மன்னித்துவிடலாம்

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, இது அவரு கப்பலே இல்லையே."

"கப்பல் கப்பல்தானே பாப்பா. கடைக்காரத் தம்பி ரெண்டு மூணு காட்டுனாப்புல. மாப்ள கப்பல் சின்னதா இருக்கு, முதுகு மட்டும்தான் தெரியுது. இது பாரு, எப்புடி நிக்கிது! இதைப் போட்டதும் போர்டு நிறைஞ்சு போச்சு."

அது ஏதோ வெளிநாட்டின் அணுசக்தி நீர்மூழ்கி. மயிலாடுதுறைக் கடைக்காரர் இணையத்தில் தேடி, இருப்பதிலேயே பெரியதைப் பிடித்துப் போட்டிருக்கிறார். போகட்டும், புலியையும் மன்னித்துவிடலாம். என்னைப் பயமுறுத்தியது வேறு.

"வெள்ளிக்கிழமை கப்பல் வருதுன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை ராத்திரிக்குள்ள நீங்க இங்க வந்து சேரணும். அப்ப வெள்ளிக்கிழமை ரயிலேறணும். கப்பல் வெள்ளிக்கிழமை வந்தாத்தானே மாப்ள ரயிலேற முடியும்?"

அதாவது, ரயிலுக்குத் தகுந்தபடி அப்பா கப்பலை வரவைத்திருந்தார். அந்த முகூர்த்தமும் முரளிக்குத் துபாயில் லீவு கிடைத்த வாரத்தைப் பார்த்துக் குறித்தது. பாரத தேசத்துக் கடற்படையின் பயணத் திட்டம் ஒரு பஞ்சாங்கத்தையும் ஒரு துபாய் கம்பெனியின் லீவு லெட்டரையும் வைத்துப் போடப்பட்டிருந்தது.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் விசேஷம் என்றால் ஃப்ளெக்ஸில் ஆள் இருக்க வேண்டும். இருக்கிற ஆள் பந்தலிலும் இருக்க வேண்டும். இளங்கோவன் முரளியின் கல்யாணத்துக்கு வரவில்லை. சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வரவில்லை. எல்லாமே கடல். அப்பாவின் பங்காளி கலியபெருமாள் பெரியப்பா இருக்கிறாரே, அவர் ஒவ்வொரு விசேஷத்திலும், "என்ன கோவிந்தராசு, உன் மாப்ளயைப் போட்டாவுலதான் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார். அதற்குப் பதில்தான் இந்த ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளை கிளம்புவதற்கு முன், "மாசியில காதுகுத்து வைக்கலாமாங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "வைங்க மாமா, முடிஞ்சா வரேன்" என்று அவர் சொல்லியிருந்தார். முடிஞ்சா என்பதை அப்பா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் பார்க்க வந்தவர் நடத்திய பாடம்

ஒரு தேதிக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். நான் தமிழ் இலக்கியம் படித்தவள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இளங்கோவன் என் அப்பாவுக்கு நடத்திய பாடம்தான் இந்த விஷயத்தில் என் மொத்தப் படிப்பு.

அவர் திருக்காட்டுப்பள்ளிக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டுக் கடற்படையில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தவர். கேசரித் தட்டு கையில் இருக்கும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"டீசல்னு சொல்றீங்க. தண்ணிக்குள்ள டீசல் என்ஜின் எப்புடிங்க ஓடும்? பொகை எங்க போவும்?"

"ஓடாதுங்க. உங்க வீட்டு இன்வெர்ட்டர் மாதிரிதாங்க. கரண்ட் இருக்கறப்ப பேட்டரி ஏறுது, கரண்ட் போனா பேட்டரில ஃபேன் சுத்துது. எங்களுக்கு டீசல் என்ஜின்தான் கரண்ட். தண்ணி மட்டத்துக்குப் பக்கமா வந்து, ஒரு குழாயை மட்டும் வெளிய நீட்டி காத்தை இழுத்துக்கிட்டு என்ஜினை ஓட்டுவோம். பேட்டரி நிறைஞ்சதும் நிறுத்திட்டு கீழ போயிடுவோம். அப்புறம் மோட்டார், விளக்கு, சமையல் எல்லாம் பேட்டரிதான். சத்தமே இருக்காது."

"டிவில அணுசக்தின்னு காட்டுறானே. அதுதான் ஒசத்தியாமே?"

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் முகம் சட்டென்று மாறியது. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அது பெரிய ஆளுங்க. மாசக் கணக்குல மேல வராது, வேகமாவும் போகும். தூரக் கடலுக்கு அதுதான் சரி. ஆனா அது உள்ள உலையைக் குளிர வைக்கப் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். முழுசா வாயை மூடிக்கிட்டு இருக்க அதால முடியாது. நாங்க பேட்டரில மெதுவா நகந்தா, பக்கத்துல வர்ற கப்பலுக்குக்கூடத் தெரியாதுங்க. ஆழம் கம்மியான கடல், ஜலசந்தி, துறைமுக வாசல், அங்கெல்லாம் காவல் இருக்க எங்க ஆளுங்கதான்."

அன்று அவர் அப்பாவிடம் சம்பளம் பற்றிப் பேசியதைவிட பேட்டரி பற்றிப் பேசியதுதான் அதிகம். இந்த ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நீர்மூழ்கிக்காரர்கள் அதைக் கப்பல் என்று சொல்ல மாட்டார்கள், ‘போட்’ என்பார்கள். அணுசக்தி போட்டுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் டீசல் போட்டுக்கு ஆகும் என்பதால் சின்னச் சின்ன நாடுகள்கூட வாங்கி வைத்திருக்கின்றன. சில நாடுகள் வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் எடுக்கும் கருவியைப் பொருத்தி, இன்னும் அதிக நாள் கீழேயே இருக்கப் பழகிவிட்டன. வேவு பார்ப்பது, கண்ணிவெடி போடுவது, ஆட்களைச் சத்தமில்லாமல் கரையில் இறக்குவது என்று வேலைகள் பல. ஆனால் பெரிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். இந்தக் கடலில் ஒரு போட் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் போதும், எதிராளி தன் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பித் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சந்தேகம்தான் அதன் பலம். எப்போது கிளம்பியது, எப்போது திரும்பும் என்று தெரிந்துவிட்டால் பாதி பலம் போச்சு. மேலே வந்து கரையை நோக்கி வருகிற நேரம்தான் போட் எல்லோர் கண்ணிலும் படுகிற நேரம். அந்த நேரத்தைத்தான் என் அப்பா பேருந்து திரும்புகிற இடத்தில் புலியோடு சேர்த்து மாட்டி வைத்திருந்தார்.

தேதியை வெளியே சொன்ன மாலுமியை போட்டில் வைத்திருக்க மாட்டார்கள். இளங்கோவன் மார்பில் டால்ஃபின் பேட்ஜ் ஒன்று உண்டு. நீர்மூழ்கிக்காரர்களுக்கு மட்டும் கிடைப்பது. பேட்டரிப் பொறுப்பு முழுக்க அவருடையது. சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு கொஞ்சம் கூடினாலும் போட்டே வெடித்துவிடும் என்பார். அவருடைய போட் ஒரு தடவைகூட நடுவழியில் நின்றதில்லை என்பது அவருடைய சொத்து. டீசல் போட்டைப் பழசு என்று சொன்ன தன் சொந்த அக்கா கணவரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த மனிதர். அந்த பேட்ஜைக் கழற்றச் சொன்னால் அவர் ஆளே உடைந்துபோவார்.

கேக் படம்

ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து முரளியின் நண்பன் ஒருவன் முகநூலில் போட்டுவிட்டான். அது சாயங்காலத்துக்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸாப் குழுவுக்கு வந்துவிட்டது. தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். இந்த ஒற்றுமையைத் தண்ணீர்க் குழாயடியில் காட்டியிருக்கலாம்.

கீழ்வீட்டு லட்சுமி தெலுங்குப் பெண். அவள் கணவரும் அதே போட். மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமையா? நிஜமா? எங்க மாமியாரை வரச் சொல்லிடவா?"

"ஐயோ, அது எங்க அப்பா சும்மா போட்டது லட்சுமி."

"சும்மாவா அக்கா போர்டு வைப்பாங்க?"

குழுவில் யாரோ கேக் படம் போட்டிருந்தார்கள். ஒருத்தி வஞ்சிர மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டாள். கணவன் வரும் நாள் தெரியாமல் வாழ்ந்து பழகிய பெண்கள் அத்தனை பேரும் என் அப்பாவை நம்பி வீட்டை ஒட்டடை அடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு.

சிரிக்காத அதிகாரி

பாதுகாப்புப் பிரிவு அதிகாரி மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார். மேஜைமேல் அந்தப் படத்தை வண்ணத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். மகள் என் மடியில் உட்கார்ந்து, "புலி, புலி" என்று கையை நீட்டினாள்.

"மேடம், இந்தத் தேதி உங்க அப்பாவுக்கு யாரு சொன்னது? உங்க ஹஸ்பெண்டா?"

"யாரும் சொல்லலை சார். அப்பாவே முடிவு பண்ணுனாரு."

"உங்க அப்பா நேவியா?"

"விவசாயம் சார்."

"விவசாயிக்குக் கப்பல் வர்ற நாள் எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். அதனால வெள்ளிக்கிழமை கப்பல்."

அவர் பேனாவை மூடி வைத்தார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தேதி தப்பாக இருந்திருந்தால் இந்த மனிதர் என்னை ஒரு டீ கொடுத்து அனுப்பியிருப்பார். அப்பா குருட்டாம்போக்கில் போட்ட வெள்ளிக்கிழமை சரியான வெள்ளிக்கிழமை.

இளங்கோவன் வரப்போகிறார் என்று முதலில் ஒரு சந்தோஷம் பொங்கியது. அடுத்த மூச்சிலேயே, தேதியைச் சொன்னது அவர்தான் என்று இவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள் என்று புரிந்தது.

"தெரிஞ்சு சொன்னாருன்னா சொல்லிடுங்க மேடம். மறைச்சாத்தான் கஷ்டம். சொல்லிட்டா, போட்ல இருந்து எடுத்து கரையில ஒரு வேலை கொடுத்துடுவாங்க, அவ்வளவுதான்."

கரையில் ஒரு வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற வேலை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிற வேலை. காற்று பலமாக அடிக்கிற நாளில் நான் தூங்கலாம். எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. ‘ஆமாம், அவர்தான் சொன்னார்’ என்று சொல்லிவிட்டால் போதும். அவர் உயிரோடு என் பக்கத்திலேயே இருப்பார். ஆனால் இருப்பது அவராக இருக்காது.

"சார், எங்க அப்பாகிட்ட நீங்களே பேசுங்க" என்று கைபேசியை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கங்க, சொல்லுங்க. மாப்ள ஆபீஸுங்களா? அவசியம் நீங்களும் விசேஷத்துக்கு வரணும். குடும்பத்தோட வாங்க, தங்க ரூம் போட்டுத் தர்றேன்."

"சரிங்க ஐயா. அந்த வெள்ளிக்கிழமை எப்படிப் போட்டீங்க?"

அப்பா பெருமையாக விளக்கினார். வளர்பிறை, முரளியின் லீவு, சென்னைக்கு வரும் ரயில், அங்கிருந்து மயிலாடுதுறை வண்டி, எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் சொல்லி முடித்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"ஒருவேளை கப்பல் லேட்டா வந்தா என்ன செய்வீங்க ஐயா?"

"எப்புடிங்க லேட்டா வருவாரு? அதான் ஃப்ளெக்ஸ்ல போட்டாச்சே!"

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதரை எந்த நாட்டு உளவாளியும் தயாரித்திருக்க முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். போனை வைத்ததும், "உங்க ஹஸ்பெண்ட் மேல தப்பு இல்லைன்னு எழுதறேன். போர்டுல அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க. இதுக்கு மேல இதைப் பத்தி யாருகிட்டயும் பேசாதீங்க, அப்பாகிட்டயும்தான்" என்றார்.

கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "அப்ப வெள்ளிக்கிழமை சார்..." என்று இழுத்தேன்.

"போயிட்டு வாங்க மேடம்" என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. அந்தக் கனிவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த நாளில் எந்த போட்டையும் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

‘கடற்படை ஆளுங்க தேதியெல்லாம் போடக் கூடாதுன்னு ரூலாம்ப்பா’ என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்த வரிமேல் வெள்ளைத் தாளை ஒட்டச் செய்தார். அதன் பிறகு கடைவீதியில் நின்ற அத்தனை பேரும், தாளுக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம்.

மூன்று டிக்கெட்

வெள்ளிக்கிழமை வந்தது. லட்சுமி புதுப் புடவை கட்டிக்கொண்டு மாடியில் நின்றாள். வஞ்சிரம் சொன்னவள் வஞ்சிரத்தை வாங்கிவிட்டாள். போட் வருகிறதென்றால் எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்கென்று சில அறிகுறிகள் உண்டு. அவற்றை எழுத மாட்டேன். எதுவும் தென்படவில்லை.

எடுத்திருந்தது மூன்று டிக்கெட். நானும் மகளும் ரயிலேறினோம். அவருடைய பெர்த்தில் என் பெட்டியை வைத்தேன். விஜயவாடாவில் ஏறிய ஒருவர், "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். "இல்லை, உக்காருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பந்தல். சம்பா அறுப்பு முடிந்த வயலைச் செதுக்கி, அதில்தான் சாப்பாட்டுக் கொட்டகை. வைக்கோல் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து அடித்தது. முரளி மடியில் மகள் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்ததும் அலறிய அலறலில் நாதஸ்வரக்காரரே ஒரு நொடி நின்றுவிட்டார். சீர்த்தட்டு குறையில்லை, கூட்டம் குறையில்லை. என் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதில் யாரையும் உட்கார விடாமல் அப்பா தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

கலியபெருமாள் பெரியப்பா சும்மா இருப்பாரா? பந்தி நடுவே நின்று உரக்கக் கேட்டார்.

"எங்க கோவிந்தராசு, சிங்கத்தைக் காணோம்? தண்ணிக்குள்ளயே குடித்தனம் வெச்சிருச்சா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "டூட்டிண்ணே" என்றார்.

"லீவு கேட்டா குடுக்காமலா போவான்? மாமனாரு மேல என்னமோ காரம்டா. பாத்து நடந்துக்க."

கை கழுவும் இடத்தில் அப்பா என்னைத் தனியாகப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"போர்டுல நான் என்னமோ தப்பாப் போட்டுட்டேன்னு மாப்ளைக்குக் கோவம், அப்படித்தானே பாப்பா? அதான் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணச் சொன்னாரா?"

"இல்லப்பா. அவரு கடல்ல இருக்காரு. அவருக்கு போர்டே தெரியாது."

"தெரியாமலா அழிக்கச் சொன்னாரு?"

நான் வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். ‘உங்க போர்டாலதான்பா அவரு வரலை’ என்று சொன்னால் அந்த மனிதர் தாங்க மாட்டார். தாங்கினாலும், அடுத்த வாரமே கடைவீதி முழுக்க அதைச் சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார். போட் இன்னும் கடலில் இருந்தது. "உங்களுக்கு வேற வேலையே இல்லையாப்பா" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்விட்டேன்.

இளங்கோவன் வந்தபோது ஊரில் வைக்கோல் போர் போட்டு முடித்திருந்தார்கள். தாடியும் டீசல் நாற்றமுமாக வந்து நின்றார். அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பேட்ஜ் தப்பியது. "நாளைத் தள்ளிப் போட்டாங்களா?" என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். "சாம்பார்ல உப்பு கம்மி" என்றார். எனவே, இன்றுவரை எனக்கு அதிகாரபூர்வமாக எதுவும் தெரியாது.

அனுமதி கேட்டவர்

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ விசேஷம். அப்பா ஃப்ளெக்ஸ் வைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள பேரைப் போடலாமான்னு கேட்டுச் சொல்லு பாப்பா" என்பார். நேராகக் கேட்க மாட்டார். இவர் ஊருக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்பார், நல்ல இலையைப் போடச் சொல்வார், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பேட்டரி பற்றிக் கேள்வி கேட்டு மாப்பிள்ளையை மடக்கிய மனிதர் அவர்தானா என்றிருக்கும். இளங்கோவனுக்கு இதன் காரணம் தெரியாது, நானும் சொல்லவில்லை. மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, தஞ்சாவூரில் வீடு. சமீபத்தில் முரளி கும்பகோணத்தில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அது விஷயமாகக் குத்தாலத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து இவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா கைபேசியில் ஃப்ளெக்ஸ் மாதிரியைக் காட்ட வந்து, காட்டாமல் எதிரில் உட்கார்ந்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. பேத்தி காதுகுத்துக்கு நீங்க வரலை. அந்த போர்டுனால என் மேல கோவம்தானேங்க? அன்னைலேருந்து மனசுல கெடந்து அறுக்குது. நான் போறதுக்குள்ள கேட்டுடணும்னு இருந்தேன்."

இத்தனை வருஷமா! இந்த மனிதர் ஒவ்வொரு விசேஷத்திலும் இதைச் சுமந்துகொண்டுதான் பரிமாறியிருக்கிறார். நான் இளங்கோவனைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கோபம் இல்லை என்று ஆகும். ஆனால் வராமல் போனதற்குக் காரணமே நீங்கள்தான் என்றும் ஆகிவிடும்.

அவர் பழத்தைக் கீழே வைத்தார்.

"அய்யய்யோ, கோவம்லாம் இல்லீங்க மாமா. என்ஜின் ரிப்பேர்."

"ரிப்பேரா?"

"ஆமாங்க. டீசல் என்ஜின்தானே. படுத்துருச்சு. சார்ஜ் ஏத்த முடியலை. அப்படியே நின்னுட்டோம். நான்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வயது குறைந்துவிட்டது. "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கைபேசியை எடுத்தார். கலியபெருமாள் பெரியப்பாவின் எண்ணைத் தேடி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கோவிந்தராசு பேசுறேன். பேத்தி காதுகுத்துக்கு மாப்ள வரலைன்னு என்னென்னமோ பேசுனியே, கேட்டுக்க. அவருக்குக் கோவமும் இல்ல, காரமும் இல்ல. கப்பல் ரிப்பேராம். என்ஜின் படுத்துருச்சாம்!"

"ஓட்டைக் கப்பலை வெச்சுக்கிட்டாடா சிங்கம்னு போர்டு வெச்ச?" என்றார் பெரியப்பா.

"ஓட்டைதாண்ணே. சரியான ஓட்டை. நடுக்கடல்ல நின்னு போச்சாம், பாவம் மாப்ள என்ன பண்ணுவாரு?" அப்பா சந்தோஷத்தில் கத்தினார். பிறகு ஒரு சின்னச் சந்தேகத்தோடு போனைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். "நடுக்கடல்லதானேங்க மாப்ள?"

இளங்கோவன் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையின் மேல், முன்பு பேட்ஜ் குத்திக்கொள்ளும் இடத்தை, ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டார்.

"ஆமாங்க மாமா" என்றார். "நடுக்கடல்லதான். ரொம்பப் பழைய போட்டுங்க அது."